கோத்தகிரி இறக்கத்தில் பிரேக் இழந்த வாடகை வண்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றியது

மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த எங்கள் குடும்பத்தின் இரண்டு வண்டிகளுள் முன்னால் சென்றது, குஞ்சப்பனைக்கு மேலே பிரேக் பிடிக்காமல் போய், மலைப்பக்க வடிகாலில் சக்கரத்தை இறக்கி நிறுத்தப்பட்டது. அதில் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு மணிக்கட்டில் சுளுக்கு, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. உயிர்ச்சேதம் இல்லாததால் எந்தச் செய்தித்தாளிலும் இடம்பெறாத நிகழ்வு இது.

நான் பின்னால் வந்த வண்டியில் ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்திருந்தேன். நேரங்களையும் இடங்களையும் அன்றிரவே குறித்து வைத்தேன். முன் வண்டியை ஓட்டியவரும், வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்கும் பின்னர் சொன்னவற்றை அவற்றோடு சேர்த்து இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் வாடகை நிறுவனத்தின் பெயரும் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளன.

## பின்னணி

முன் வண்டியை ஓட்டியவர் என் சித்தப்பா மகளின் கணவர். வயது 36, ஒன்பது ஆண்டுகளாகச் சென்னையில் நாள்தோறும் வண்டி ஓட்டுபவர், நெரிசலில் நிதானமானவர். மலையில் அதற்குமுன் ஓட்டியதில்லை. ரயிலில் கோயம்புத்தூருக்கு வந்து, அங்கே ஓட்டுநர் இல்லாத வாடகைக்கு ஏழு இருக்கை கொண்ட பெட்ரோல் வண்டி ஒன்றை எடுத்திருந்தார். அது ஆட்டோமேட்டிக். கியர் நெம்புகோலில், வழக்கமாக ஓட்டும் நிலையான டி என்ற எழுத்துக்குக் கீழே, வண்டியைத் தாழ்ந்த கியரிலேயே பிடித்து வைக்கும் 2 என்றும் எல் என்றும் இரண்டு நிலைகள் இருந்தன. அவை எதற்கு என்று வண்டியை ஒப்படைத்தவரும் சொல்லவில்லை, எடுத்தவரும் கேட்கவில்லை. சென்னையில் ஓட்டும் ஆட்டோமேட்டிக்கில் அவர் டி-யைத் தவிர எதையும் தொட்டதில்லை. வண்டியில் அவருடைய அப்பா, அவருடைய மனைவியான என் தங்கை, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு குழந்தைகள், என் சித்தி ஆகியோர் இருந்தனர். பெட்டிகள் பின்னால் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன.

பின் வண்டியை ஓட்டியது என் சித்தப்பாவின் மகன், அதாவது முன் வண்டிக்காரரின் மனைவிக்குத் தம்பி. கோயம்புத்தூர்க்காரன், ஊட்டிக்கும் வால்பாறைக்கும் பலமுறை ஏறி இறங்கியவன். அவனுடையது சொந்த வண்டி, கியர் மாற்றி ஓட்டும் டீசல். அவனும் நானும் தவிர அதில் என் மனைவியும் மகனும் இருந்தார்கள்.

உறவுமுறையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டு மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது, "இப்படி ஓட்டாதீர்கள்" என்று மைத்துனன் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. பின்னர் தெரியவந்த கெட்டுப்போன பிரேக் ஆயிலுக்கு நிகராக இதுவும் இந்த நிகழ்வின் காரணங்களுள் ஒன்று என்பது என் கருத்து.

கோடை சீசனில் நீலகிரிக்கு ஏறும் வண்டிகளைப் பர்லியார், குன்னூர் சாலையிலும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி சாலையிலும் ஒருவழியாக அனுப்புவது காவல்துறையின் வழக்கம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸும் கட்டாயம். நாங்களும் எடுத்திருந்தோம். வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறோம் என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். மலையில் இறக்கத் தெரியுமா என்று கேட்க அதில் இடமில்லை, அது அதன் வேலையும் அல்ல.

## ஏற்றம் தந்த நம்பிக்கை

வெள்ளிக்கிழமை காலை குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் முன் வண்டி எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறியது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி மட்டுப்படுகிறது. தவறான கியரில் இருந்தால் என்ஜின் திணறி உடனே காட்டிக்கொடுக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அந்தத் திணறலைக்கூடக் கியர்ப்பெட்டியே பார்த்துக்கொள்கிறது. குன்னூரில் இறங்கியதும் அவர், "மச்சான், இதுக்குப் போயா இவ்ளோ பயமுறுத்தினீங்க?" என்று என்னிடம் சிரித்தார். நானும் சிரித்தேன். இறக்கம் வேறு கணக்கு என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். குளிரில் டீக்கடையைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஊட்டியில் தங்கிய இரண்டு நாட்களில் குறிப்பிடத்தக்கது ஒன்றுமில்லை.

## இறக்கத்தில் கண்டவை

ஞாயிறு மதியம் 1.10-க்கு ஊட்டியிலிருந்து புறப்பட்டோம். முன் வண்டி முன்னால் போவது என்று தானாகவே அமைந்தது, யாரும் தீர்மானிக்கவில்லை. குழந்தைகள் இருக்கும் வண்டி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்பது பெண்களின் விருப்பம்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். கட்டபெட்டு வழியாக வரும் இந்தப் பகுதியில் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வருவதால் பிரேக்குக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கிறது. ஆனால் அன்று நெரிசல். நின்று நின்று நகர்ந்தோம். கோத்தகிரியை அடைய 2.30 ஆகிவிட்டது.

அங்கே டீக்கடை முன்னால் நிறுத்தியபோது முதல் அறிகுறி வெளிப்பட்டது. முன் வண்டியின் அருகில் நின்றால் லேசான கருகல் வாடை அடித்தது. புதிய இரும்புக் கடாயை முதன்முதலில் அடுப்பில் ஏற்றும்போது எழும் வாடைக்கும் கருகிய ரப்பர் வாடைக்கும் இடைப்பட்டது. தம்பி முன்சக்கரத்தின் அருகில் குனிந்து, தொடாமல், புறங்கையை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு டீக் குவளையோடு போய் மாப்பிள்ளையிடம் சொன்னான்: "மாமா, கொஞ்சம் பார்த்து எறங்குங்க."

"சரி மாப்ள," என்றார் அவர்.

நடந்த பேச்சு அவ்வளவுதான். அந்த எச்சரிக்கையில் மரியாதை இருந்தது, அக்கறை இருந்தது. செய்ய வேண்டியது என்னவென்பது மட்டும் இல்லை. "பார்த்து இறங்குவது" என்றால் மெதுவாக இறங்குவது என்று அவர் புரிந்துகொண்டார். மெதுவாக இறங்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பது. ஆகவே அந்த எச்சரிக்கை ஆபத்தைக் கூட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. நான் வயதில் மூத்தவன், அவருக்கு மச்சான் முறை. தம்பிக்கு இருந்த தயக்கம் எனக்கு இருக்க நியாயமில்லை. வாடை எனக்கும் தெரிந்தது. நானும் சொல்லவில்லை.

2.55-க்குக் கோத்தகிரியை விட்டோம். சற்றுமுன் பெய்த கோடை மழையில் சாலை நனைந்திருந்தது. குன்னூர் சாலையோடு ஒப்பிட்டால் இங்கே கொண்டை ஊசி வளைவுகள் குறைவு. அதனாலேயே இது எளிய சாலை என்று பேர் வாங்கியிருக்கிறது. ஆனால் 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,475 மீட்டர் இறங்க வேண்டும் என்பது மாறுவதில்லை. கொண்டை ஊசி வளைவு ஓட்டுநரைப் பயமுறுத்தி, அழுத்தி மிதிக்கவைத்து, பிறகு விடவைக்கிறது. நீண்ட சீரான சரிவோ காலை பிரேக்கிலேயே இளைப்பாற வைக்கிறது.

3.05 அளவில் தம்பி, "அண்ணா, அந்த சிவப்பு லைட்டைப் பாருங்க," என்றான். முன் வண்டியின் பிரேக் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். எழுபது வரை எண்ணியும் அணையவில்லை. வளைவிலும் எரிந்தன, நேர்ச்சாலையிலும் எரிந்தன. ஒரு சிறு மேட்டில் மட்டும் அணைந்து மீண்டும் எரிந்தன. எங்கள் வண்டி இரண்டாவது கியரில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பிரேக்கை வளைவுக்கு வளைவுதான் தொட வேண்டியிருந்தது.

3.12-க்கு ஜன்னல் வழியாகக் கருகல் வாடை எங்கள் வண்டிக்குள்ளேயே வந்தது.

## எங்களுக்கிருந்த வழிகளும் எடுத்த முடிவும்

அந்த நேரத்தில் மூன்று வழிகள் இருந்தன. கைபேசியில் அழைப்பது முதலாவது. இரண்டு முறை முயன்றேன், சிக்னல் எட்டவில்லை. முந்திச் சென்று முன்னால் நின்று நிறுத்துவது இரண்டாவது. அதைத் தம்பி உடனே மறுத்தான். பிரேக் நம்பகமில்லாத வண்டிக்கு முன்னால் போய் நிற்பது, அதை நம் பின்பக்கத்தில் மோத அழைப்பதற்குச் சமம் என்றான். அது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன். மூன்றாவது, ஹாரன் அடித்து முன்விளக்கை மின்னவிட்டு அவர் கவனத்தை ஈர்ப்பது. அதைத்தான் செய்தோம்.

விளைவு நாங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது. பின்னால் வருபவன் விளக்கை மின்னவிட்டால் வழி கேட்கிறான் என்பது நம் சாலைகளில் எல்லோருக்கும் தெரிந்த பொருள். தம்பிக்கு அவசரம், பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன, நாம் மெதுவாகப் போகிறோம் என்று அவர் எடுத்துக்கொண்டார். பிரேக் விளக்கு அணைந்தது. ஒரு கணம் எங்களுக்கு நிம்மதி. பிறகு வண்டி விரைந்தது. ஆட்டோமேட்டிக் கியர்ப்பெட்டி டி-யில் இருக்கும்போது இறக்கத்தில் காலை எடுத்தால், சமவெளியில் நிதானமாகப் போகிறோம் என்று கணக்கிட்டு மேல் கியருக்கு மாறிக்கொள்கிறது. என்ஜின் பிடித்திழுக்கும் கொஞ்ச இழுவையும் போய்விடுகிறது. அடுத்த வளைவு நெருங்கியதும் அவர் மிதித்தார். விளக்கு எரிந்தது. வண்டி மட்டுப்படவில்லை.

## அந்த நாற்பது விநாடிகள்

உள்ளே நடந்ததை அவர் பின்னர் விவரித்தபடி தருகிறேன்.

முதல் மிதிப்பில் பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்த் தரையைத் தொட்டது. இரண்டாவதும் அப்படியே. அவருடைய அப்பா பின்னிருக்கையிலிருந்து, "வண்டிய ஆஃப் பண்ணு, சாவிய எடு!" என்று கத்தினார். கை சாவியை நோக்கிப் போனது. ஆனால் அதற்குள் வளைவு வந்துவிட்டதால் ஸ்டீயரிங்கைத் திருப்ப அந்தக் கை தேவைப்பட்டது, சாவியை விட்டுவிட்டார். சிந்தித்து எடுத்த முடிவல்ல அது. ஆனால் அன்று அவர்களைக் காப்பாற்றியவற்றுள் அதற்கு முதலிடம் தருவேன். என்ஜின் நின்றிருந்தால் பவர் ஸ்டீயரிங் இறுகியிருக்கும், மிதிப்புக்கு வலுச்சேர்க்க என்ஜின் உண்டாக்கும் வெற்றிடமும் ஓரிரு மிதிப்பில் தீர்ந்திருக்கும், என்ஜினைக் கொண்டு வேகத்தைக் குறைக்கும் வழியும் அடைபட்டிருக்கும். சாவியை முழுவதும் உருவியிருந்தால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொண்டிருக்கும்.

வளைவைச் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு கடந்தார். எதிரே அந்த நேரத்தில் வண்டி வரவில்லை. மூன்றாவது, நான்காவது முறை அடுத்தடுத்து மிதித்தபோது பெடலில் கொஞ்சம் பிடிப்பு வந்தது. அந்த இடைவெளியில் என் தங்கை, "கியரைக் குறைங்க!" என்று சொல்லியிருக்கிறாள், அப்பாவோடு மலைக்குப் போன நாட்களில் கேட்ட சொல் அவள் நினைவில் இருந்திருக்கிறது. அவர் நெம்புகோலை 2-க்கு இழுத்தார். என்ஜின் அலறியது, வண்டி முன்னால் தலைகுனிந்தது. பிறகு எல். அலறல் இன்னும் கூடியது. அதை நாங்களும் பின்னால் கேட்டோம். வேகம் குறையத் தொடங்கியது. ஹேண்ட் பிரேக்கை, பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். இந்த வண்டியில் அது கம்பி வழியாகப் பின்சக்கர டிரம்மை இழுப்பது, பிரேக் ஆயிலை நம்பாதது. ஆகவே அது வேலை செய்தது. ஒரே இழுப்பாக இழுத்திருந்தால் ஈரச் சாலையில் பின்பக்கம் சுழன்றிருக்கும்.

அந்த இடத்தில் மலை இடப்பக்கம் இருந்தது. வேகம் 20-க்குக் கீழே வந்ததும் இடப்பக்கச் சக்கரங்களைக் கல்கட்டு வடிகாலில் இறக்கினார். அடிப்பாகம் கல்லில் உரசிக்கொண்டு முப்பது அடி போல் நகர்ந்து, முன் இடது சக்கரம் ஒரு சிறுபாலத்தின் விளிம்பில் இடித்து நின்றது. நேரம் 3.16.

## நின்ற பிறகு

நாங்கள் முப்பதடி பின்னால் நிறுத்தினோம். தம்பி முதலில் செய்தது வண்டிக்குள் எட்டிப் பார்ப்பதல்ல. கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். பிறகுதான் கதவைத் திறந்தான். பெரியவன் அழவில்லை, சின்னவள் செருப்பைக் காணோம் என்று அழுதாள். முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்த சித்திக்கு மணிக்கட்டு பிசகியிருந்தது. எல்லோரையும் இறக்கி, மலைப்பக்கமாக, வண்டிக்குப் பின்னால் தள்ளி உட்காரவைத்தோம். என் மகன் எச்சரிக்கை முக்கோணத்தோடு மேல்வளைவில் போய் நின்றான். அவனைத் தனியே விட்டது தவறு என்று ஐந்து நிமிடம் கழித்து உணர்ந்து என் மனைவியும் உடன் போனாள்.

முன்சக்கரங்களிலிருந்து வெளிறிய புகை வந்துகொண்டிருந்தது. கீழே இறங்கிய சுற்றுலா வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி உதவிக்கு வந்தார். இன்னொரு வண்டியிலிருந்து வந்தவர் தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்தை நோக்கி நடந்தபோது, "ஊத்தாதீங்க சார், டிஸ்க் வெடிச்சிடும்," என்று அவரைத் தடுத்தது இந்த மனிதர்தான். பழுக்கச் சூடேறிய இரும்பில் குளிர்நீர் பட்டால் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு, கோணும் அல்லது விரிசல் காணும். மாப்பிள்ளையிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த கியர்ல எறங்குனீங்க?" பதிலைக் கேட்டுவிட்டு, "ஏறுற கியர்லதான் சார் எறங்கணும்," என்றார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை.

4.00 மணி அளவில் பெடலை மிதித்துப் பார்த்தால் நல்ல பிடிப்போடு நின்றது. அன்றைய நாளின் இரண்டாவது ஆபத்தான தருணம் இதுதான். "சரியாயிடுச்சு போலிருக்கே, எல்-ல போட்டு மெதுவா எறக்கிடலாம்," என்று அவர் சொன்னார். அவருடைய அப்பாவும் ஆமோதித்தார். மறுநாள் ரயில், வாடகை வண்டியை இரவு 9 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். நியாயமான அவசரம்தான். இந்த முறை தம்பி தயங்கவில்லை. "வேண்டாம் மாமா. இதுல யாரும் ஏற வேண்டாம்," என்றான். அவன் சொன்ன காரணம் எளியது: ஏன் போனது என்று தெரியாமல், ஏன் வந்தது என்பதை நம்ப முடியாது.

கோத்தகிரியிலிருந்து ஒரு வாடகைக் கார் வரவழைத்து, 5 மணிக்குள் குழந்தைகளையும் பெரியவர்களையும் கீழே அனுப்பினோம். குஞ்சப்பனைப் பகுதியில் பலாப்பழம் பழுக்கும் காலத்தில் யானைகள் சாலையோரத்துக்கு வருவது வழக்கம். இருட்டும்வரை குழந்தைகளோடு அங்கே உட்கார்ந்திருக்க யாருக்கும் மனமில்லை. வண்டியை மீட்பு வண்டி ஏற்றிச் சென்றபோது 7.20. சித்தியின் கையை மேட்டுப்பாளையத்தில் படம் எடுத்துப் பார்த்தோம். எலும்பு முறிவு இல்லை.

## மெக்கானிக் கண்டது

இரண்டு நாள் கழித்து வண்டியைப் பிரித்தபோது தம்பி உடனிருந்தான். முன் டிஸ்க்குகளில் நீலம் பாய்ந்திருந்தது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடுகளின் முகம் உராய்வுத்தன்மை போய்க் கண்ணாடிபோல் பளபளத்தது. தடிமனும் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறம். மூடியில் டாட் 3 என்ற ஆயில் தரக்குறியீடு பொறித்திருந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதற்கு விதிக்கப்பட்ட வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்த முடியும். ஆகவே கால் அழுத்துவது குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்து சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. பெடல் தரையைத் தொட்டது இதனால். பேடு மட்டும் சூடேறி வழுக்கியிருந்தால் பெடல் கெட்டியாகவே இருந்திருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இங்கே இரண்டும் சேர்ந்து நடந்திருக்கின்றன. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிப் பெடல் பழையபடி நிற்கும். ஆயிலின் கொதிநிலையோ அதே இடத்தில்தான் இருக்கும். 4 மணிக்கு நாங்கள் கண்ட "சரியானது" இதுவே. அந்த வண்டியைக் கீழே இறக்கியிருந்தால், அடுத்த சில கிலோமீட்டரில் அதே கதை நடந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

வெப்பத்தின் அளவையும் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆட்களோடும் பெட்டிகளோடும் வண்டியின் எடை 1,650 கிலோ என்று கொண்டால், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1,475 மீட்டர் இறங்குவதில் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 2.4 கோடி ஜூல். சாதாரண வெப்பநிலையிலுள்ள 75 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஒரு பகுதி டயரின் உருளலிலும் காற்றின் எதிர்ப்பிலும் போகிறது. மீதியை என்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். என்ஜினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது. பிரேக்குக்கு இருப்பது உள்ளங்கை அளவு பேடுகளும் அவற்றைக் கடக்கும் காற்றும்தான். வழியின் பாதியைக் கூட நாங்கள் கடக்கவில்லை, அதற்குள்ளேயே தாங்கவில்லை.

## நிறுவனத்துடன் நடந்தது

சுருக்கமாகச் சொன்னால் போதும். முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொள்வதாகவும், தவறு ஓட்டியவருடையது என்றும் நிறுவனம் கூறியது. ஆயிலின் நிலையை மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாளையும், பேடுகளின் படத்தையும் அனுப்பிய பிறகு பாதித் தொகை திரும்பி வந்தது. அதற்குமேல் வாதாடவில்லை. இரு தரப்பிலும் தவறு இருந்ததால் அந்தப் பாதி எனக்கு அநியாயமாகத் தோன்றவில்லை. மாப்பிள்ளைக்கு அதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு.

## இனி எதை மாற்றுவோம்

வண்டியை எடுக்கும் இடத்திலேயே பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்பதும், மூடியைத் திறந்து நிறம் பார்ப்பதும், சமவெளியில் ஒருமுறை 2-க்கும் எல்-லுக்கும் இழுத்துப் பழகுவதும் அரை மணி நேர வேலை. அன்று நெம்புகோலை இழுக்க அவர் தாமதித்த சில விநாடிகளுக்குக் காரணம் பயமல்ல. ஓடும்போது இழுத்தால் கியர்ப்பெட்டி உடைந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்.

கியரை இறக்கத்துக்குள் நுழைவதற்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களுக்கு அந்த இடம் கோத்தகிரி டீக்கடை. அங்கே இன்னொரு அரை மணி நேரம் உட்கார்ந்து சக்கரங்களை ஆறவிட்டு, "டி-யில் வேண்டாம், 2-ல் போட்டு இறங்குங்கள்; வேகம் கூடினால் அழுத்தி மிதித்துக் குறைத்துவிட்டு உடனே காலை எடுத்துவிடுங்கள்," என்று முழுதாக இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால், ஆயில் கெட்டிருந்தும் அந்த வண்டி கீழே போய்ச் சேர்ந்திருக்கும் என்றே மெக்கானிக்கும் சொன்னார். சொல்லாமல் விட்டதை நான் தம்பியின் கணக்கில் எழுத மாட்டேன். மூத்தவனாக அது என் கணக்கு.

இரண்டு வண்டியாகப் போகும்போது சைகைகளை முன்கூட்டியே பேசிவைப்பதும் வேண்டும். இப்போது எங்களுக்குள், நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு நீளமாக ஒரு ஹாரன் அடித்தால் "பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்து" என்று பொருள். முன்விளக்கை மின்னவிடுவதை எதற்கும் பயன்படுத்துவதில்லை.

எந்த வண்டி முன்னால் போக வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பழகியவர் முன்னால் போனால் புதியவர் அந்த வேகத்தையும், எங்கே பிரேக் தொடுகிறார், எங்கே விடுகிறார் என்பதையும் பார்த்து ஓட்டலாம். அது தம்பியின் வாதம். ஆனால் அன்று அணையாத சிவப்பு விளக்கை நாங்கள் கண்டது பின்னால் வந்ததால்தானே என்பது என் வாதம். கண்டும் என்ன செய்ய முடிந்தது என்று அவன் கேட்கிறான். அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் இரு குடும்பமும் வால்பாறை போனோம். ஆழியாற்றுக்கு இறங்கும்போது தம்பி முன்னாலும் மாப்பிள்ளை பின்னாலும் வந்தார்கள். 40 கொண்டை ஊசி வளைவுகள். மாப்பிள்ளையின் வண்டியில் நான் ஏறிக்கொண்டேன். அட்டகட்டியில் நிறுத்தியபோது அவர் யாரும் சொல்லாமலேயே இறங்கிப் போய், முன்சக்கரத்தருகே குனிந்து, புறங்கையை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.